சோதனை நாட்களில் கைவைக்காதீர்கள்: இணைவு ஆய்வுக் கருவிகளின் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

டோக்கமாக் ஆனாலும் ஸ்டெல்லரேட்டர் ஆனாலும் (இரண்டும் பிளாஸ்மா எனும் மிகச் சூடான மின்னேறிய வாயுவைக் காந்தப்புலத்தால் வெற்றிடக் கலனுக்குள் அடைத்து அணுக்கரு இணைவை ஆராய்பவை), ஓர் இணைவு ஆய்வுக் கருவியை நிறுத்தி, திறந்து, உள்ளே புதியவற்றைப் பொருத்தி, மூடி, மறுபடி ஓட்டுவதற்கான அட்டவணையில் கையெழுத்திடுவது நீங்கள். அந்த அட்டவணைப்படி வேலை பார்ப்பது நாங்கள்: வெற்றிடம், குளிர்நீர், காந்தம், அளவை, கலன் உட்பணி ஆகிய பிரிவுகளில் இருப்பவர்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மேம்பாட்டு வேலை தாமதமானால், அந்தத் தாமதத்தைச் சோதனை நாட்களிலிருந்து கழிக்காதீர்கள்.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். முதல் பிளாஸ்மாவுக்கான தேதியை ஏற்கெனவே வெளியே சொல்லியாகிவிட்டது. கலனுக்குள் பிளாஸ்மாவின் வெப்பத்தை நேரடியாக வாங்கும் டைவர்ட்டர் தகடுகள் சில வாரங்கள் பிந்தி வந்து சேர்கின்றன. வெல்டிங்கைச் சுருக்க முடியாது, பொருத்துவதையும் சுருக்க முடியாது. மிச்சம் இருப்பவை கடைசியில் வரும் கசிவுச் சோதனை, உயர் மின்னழுத்தச் சோதனை, கலனைச் சூடேற்றுதல். அட்டவணையில் இவை எதையும் உருவாக்காத வெறும் பட்டைகளாகத் தெரிகின்றன. கத்தி அங்கேதான் விழுகிறது.

இந்தத் துறையில் அண்மைக் காலத்தில் நடந்த சிலவற்றை நினைவுபடுத்துகிறோம். இவையெல்லாம் சோதனையை வெட்டியதால் வந்தவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு சின்னக் குறை எந்தக் கட்டத்தில் அகப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை எப்படி மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஜப்பானின் நாகாவில் உள்ள ஜேடி-60எஸ்ஏ டோக்கமாக்கை 2020-இல் கட்டி முடித்து, குளிர்வித்து, ஒருங்கிணைந்த சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். 2021 மார்ச் 9 அன்று இஎஃப்1 என்ற சமநிலைப் புலச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது அதன் முனை இணைப்பில் மின்காப்பு உடைந்து மின்வில் எழுந்தது. சுருளைக் குளிர்விக்கும் ஹீலியம், சுற்றியுள்ள வெற்றிட உறையான கிரையோஸ்டாட்டுக்குள் கொட்டியது. காந்தம் திடீரென மீக்கடத்தும் தன்மையை (மிகக் குளிரில் மின்தடையின்றி மின்சாரம் கடத்துவதை) இழந்தால் அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே இழுத்துச் செல்லும் மெல்லிய மின்னழுத்த உணர்கம்பி வெளியேறும் இடத்தில்தான் காப்பு போதாமல் இருந்தது. காவலுக்குப் போட்ட கம்பியே வழிவிட்டது. கருவியைச் சூடேற்றி, திறந்து, அதேபோன்ற இணைப்புகளையெல்லாம் தேடிக் காப்பை வலுப்படுத்தி, மறுபடி குளிர்வித்து முதல் பிளாஸ்மாவைக் காண 2023 அக்டோபர் 23 வரை ஆனது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் என்எஸ்டிஎக்ஸ் கருவியின் மையக் காந்தக் கட்டு 2011-இல் சுற்றுகளுக்கிடையே மின்கசிவு ஏற்பட்டுச் செயலிழந்தது. குளிர்நீர்க் குழாயைச் செப்புக் கடத்தியோடு சேர்த்துப் பற்றவைத்தபோது பயன்பட்ட ஃபிளக்ஸின் (பற்றவைப்பு ஒட்ட உதவும் வேதிப்பொருளின்) எச்சம் காரணம் என்று தெரியவந்தது. கருவியை மேம்படுத்தி என்எஸ்டிஎக்ஸ்-யூ என்று மீண்டும் ஓட்டினார்கள். 2016-இல் சுமார் 10 வாரம் ஓடியபின் டைவர்ட்டர் பகுதியிலுள்ள ஒரு சுருள் குறுக்குச்சுற்றாகிப் போனது. அதன்பின் கருவி முழுவதையும் மறுஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் டோக்கமாக்கின் வெப்பக் கவசத்தில் வெள்ளி முலாம் பூசும்போது வெல்டிங் இடங்களை ஒட்டித் தங்கிய குளோரின் எச்சம், வளைத்துப் பற்றவைத்ததால் குழாயில் நின்ற இறுக்கத்தோடு சேர்ந்து, 2.2 மி.மீ. ஆழம் வரை விரிசல்களை உண்டாக்கியது. சுமார் 23 கிலோமீட்டர் குளிர்விப்புக் குழாய் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. நல்லவேளை, கருவியை மூடுவதற்கு முன்பே ஹீலியம் கசிவுச் சோதனையில் பிடிபட்டது.

ஃபிளக்ஸ் எச்சம், குளோரின் எச்சம், ஒரு கம்பியின் முனை. மேசைமேல் இருக்கும்போது ஒரு நாள் வேலையாக முடிந்திருக்கக்கூடியவை.

இனி ஒவ்வொரு சோதனையும் ஏன் அவ்வளவு நாள் கேட்கிறது என்பதைச் சொல்கிறோம். எதை வெட்டுகிறீர்கள் என்று தெரிந்தே வெட்டுங்கள்.

முதலில் கசிவு. கலனுக்குள் போகும் ஒவ்வோர் இணைப்பிலும் நாங்கள் ஏற்கும் கசிவளவு பெரும்பாலும் வினாடிக்கு 10⁻⁹ பாஸ்கல் கனமீட்டர் என்ற வரிசையில் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே போக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். பெரிய கருவியில் இப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் விட்டால் கூட்டுத்தொகை பிளாஸ்மாவில் ஆக்சிஜனாகத் தெரியும். ஆக்சிஜன் ஆற்றலைக் கதிராக வீசி விளிம்பைக் குளிரவைக்கும். பிளாஸ்மா அடிக்கடி முறியும்.

அட்டவணை போடுபவர்கள் கவனிக்கத் தவறுவது இந்தச் சோதனையின் வரிசை. நீர்ச்சுற்றுகளின் ஹீலியம் சோதனையை (குழாயில் ஹீலியத்தைச் செலுத்தி, அது வெளியே கசிகிறதா என்று கருவியால் தேடுவதை), நீர் ஒருமுறைகூட நிரம்பாத நிலையில் செய்ய வேண்டும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளையில் நீர் புகுந்துவிட்டால், பரப்பு இழுவிசையை மீறி அதை வெளியே தள்ள ஏறத்தாழ 3 வளிமண்டல அழுத்தம் வேண்டும். துளை அதில் பத்தில் ஒரு பங்கென்றால் 30. ஹீலியத்தைக் குறைந்த அழுத்தத்தில் கொடுத்துவிட்டு, கருவி எதையும் காட்டவில்லை, சுற்று நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவோம். பிறகு சூடாகி, இயக்க அழுத்தம் ஏறும்போது அந்தத் துளை திறந்துகொள்ளும். நீர் நிரப்பிய பின் சோதிக்க நேர்ந்தால், வடித்து, சூடான உலர் நைட்ரஜனை ஊதி, வெளிவரும் வாயுவின் பனிநிலை மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து, குழாயை வெற்றிடமாக்கி, அதன்பின்தான் ஹீலியம். கிளைகள் பல இருக்கும் சுற்றில் கடைசி வளைவில் தங்கிய நீரை எடுப்பதுதான் பெரும்பாடு. "குளிர்நீர் அணி சும்மா இருக்கிறதே, நீரை நிரப்பி வைத்துவிடட்டும்" என்று அட்டவணையில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் எங்களுக்கு வாரக்கணக்கில் வேலை கூடுகிறது.

அறை வெப்பநிலையில் தேறிய இணைப்பு சூட்டில் தேறும் என்ற உத்தரவாதம் கிடையாது. வெளியே வெற்றிடம், உள்ளே இயக்க அழுத்தத்தில் ஹீலியம், இணைப்பு இயக்க வெப்பநிலையில்: இப்படித்தான் டைவர்ட்டர் தொகுதியைச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு சுழற்சியும் போதாது. சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கும்போதுதான் வெல்டிங்கின் வேர்ப்பகுதியில் இருந்த நுண்விரிசல் வாய் திறக்கிறது.

டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஓடிய கருவியில் இன்னொரு தொல்லை. ஹீலியத்தின் நிறை 4.0026, டியூட்டீரிய மூலக்கூறின் நிறை 4.0282. சாதாரண நிறை நிறமாலைமானிக்கு இரண்டும் ஒன்றுதான். சுவரில் ஊறிய டியூட்டீரியம் வாரக்கணக்கில் வெளிவந்துகொண்டே இருப்பதால், ஹீலியத்தைத் தெளித்துவிட்டு 4-ஆம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். அப்போது நியான் போன்ற வேறு தடங்காட்டி வாயு வேண்டும், அல்லது இரண்டையும் பிரித்துக் காட்டும் உயர் பிரிதிறன் கருவி வேண்டும். கலனில் எஞ்சிய வாயுவை அதன் நிறை எண்களால் படிப்பதும் லேசான வேலை இல்லை. 28-உம் 14-உம் 32-உம் 40-உம் சேர்ந்து உயர்ந்தால் காற்று. 18-உம் 17-உம் மட்டும் உயர்ந்து 40 அசையாமல் இருந்தால் நீர்க்கசிவு, இல்லையென்றால் சுவர் இன்னும் காயவில்லை. 28 மட்டும் உயர்ந்தால் அது நைட்ரஜனா, கார்பன் மோனாக்சைடா என்று 14-ஐப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 20-இல் தெரிவது கனநீராகவும் இருக்கலாம், இரட்டை மின்னேற்றம் பெற்ற ஆர்கானாகவும் இருக்கலாம். இதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆட்கள் ஒரு பிரிவில் ஓரிருவர்தான் இருப்பார்கள். கடைசி வாரத்தில் அவர்களை மூன்று இடத்துக்கு இழுக்காதீர்கள்.

பொய்க்கசிவையும் சொல்லியாக வேண்டும். மறுபக்கம் திறப்பில்லாத மரைத்துளையில் சாதாரண போல்ட்டை முறுக்கினால், அடியில் சிக்கிய காற்று மரைவழியே நாள்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். வெளியே எங்கே ஹீலியம் தெளித்தாலும் கருவி அசையாது, ஆனால் அழுத்தமும் இறங்காது. அதற்காகத்தான் நடுவில் துளையிட்ட போல்ட்டுகளைக் கேட்கிறோம். கொள்முதல் பிரிவு "அதே அளவு, அதே தரம், விலை குறைவு" என்று துளையில்லாத போல்ட்டை வாங்கிக்கொடுப்பது எங்கள் துறையில் ஓயாத கதை. துத்தநாக முலாம் பூசிய வாஷர்களுக்கும் இதே பேச்சு: சூடேற்றும்போது துத்தநாகம் ஆவியாகிப் போய்க் கண்ணாடிச் சாளரங்களில் படியும். எஃகு போல்ட்டில் எஃகு நட்டைக் காய்ந்த நிலையில் முறுக்கினால் வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஷட்டவுனில் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளி முலாம் பூசிய போல்ட் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. முலாம் மாறினால் உராய்வு மாறும், உராய்வு மாறினால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட்டின் இழுவிறுக்கமும் மாறும். எனவே போல்ட்டை மாற்றும்போது டார்க் அட்டவணையையும் மாற்ற வேண்டும்.

அடுத்து மின்காப்பு. இங்கேதான் நாட்கள் மிக எளிதாக வெட்டுப்படுகின்றன, காரணம் அறை வெப்பநிலையில் காற்றில் செய்த சோதனை "தேறியது" என்ற தாள் ஏற்கெனவே கையில் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தில் காற்று நல்ல காப்பு. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும். நல்ல வெற்றிடமும் நல்ல காப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள அழுத்தத்தில்தான் ஆபத்து. பொறி தட்டும் மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பொறுத்து எப்படி மாறுகிறது என்று காட்டும் பாஷன் வளைவின் அடிமட்டத்தில், ஹீலியத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி சில நூறு பாஸ்கல் அழுத்தத்தில் சுமார் 160 வோல்ட்டிலேயே பொறி தட்டும். காற்றின் வளைவில் அந்த அடிமட்டம் சுமார் 330 வோல்ட். ஒரு பெரிய மீக்கடத்திச் சுருளின் ஆற்றலை அவசரமாக வெளியேற்றும்போது முனைகளுக்கிடையே பல ஆயிரம் வோல்ட் எழும். சின்ன ஹீலியம் கசிவும் அவசர வெளியேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் காப்பில் உள்ள ஊசிமுனை இடைவெளிகூடப் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவது அபூர்வம் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்: சுருள் மீக்கடத்தலை இழப்பதே ஹீலியத்தின் அழுத்தத்தை ஏற்றும், ஏறிய அழுத்தம் பலவீனமான இணைப்பைத் திறக்கும்.

ஆகவே பாஷன் சோதனை என்பது ஒரே அழுத்தத்தில் ஒரு தடவை வோல்ட் ஏற்றிப் பார்ப்பதல்ல. இணைப்பை உறைக்குள் வைத்தோ, கிரையோஸ்டாட்டையே பயன்படுத்தியோ, வளிமண்டலத்திலிருந்து படிப்படியாக அழுத்தத்தை இறக்கி, ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தம் கொடுத்து, கேமராவில் ஒளிப்பொட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதையே ஹீலியத்தில். பொறி தெரிந்தால் திறந்து, காப்பை உரித்து, கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் மறுபடி சுற்றி, கெட்டிப்பட விட்டு, மறுபடி முதலிலிருந்து. உணர்கம்பி வெளிவரும் இடம், காப்பு நாடா திசை மாறும் மூலை, கைநுழையாத பின்பக்கம்: பொறி தட்டும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கம்பி பிரியும் இடத்தில் நாடா கூடாரம்போல் தூக்கி நிற்கும். அதன் அடியில் பிசின் இறங்காமல் வெற்று இடைவெளி தங்கிவிடும். விரல் நகத்தால் தட்டினாலே சத்தம் வேறுபடும், ஆனால் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும்.

மீக்கடத்தி இணைப்புகளின் மின்தடையையும் குளிர்விப்பதற்கு முன்பே, மாதிரித் துண்டுகளில் பார்த்துவிட வேண்டும். 2 நானோ ஓம் என்பது ஒன்றுமில்லாத எண் போலத் தோன்றும். 50 கிலோ ஆம்பியரில் அது 5 வாட். 4.5 கெல்வினில் ஒரு வாட்டை அகற்ற அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 250 வாட் செலவழிக்கிறோம், சிறிய குளிர்விப்பு ஆலைகளில் அதற்கும் மேல். இணைப்புகள் நூறு இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆலையின் திறன் போதவில்லை என்று குளிர்ந்த பிறகு தெரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

குளிர்விப்பதையும் சூடேற்றுவதையும் வேகப்படுத்தச் சொல்லி வரும் கோரிக்கைகளுக்கும் பதில் இங்கேயே. எஃகு 300-இலிருந்து 4 கெல்வினுக்கு இறங்கும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 3 மி.மீ. சுருங்கும், அதில் பெரும்பங்கு 80 கெல்வினுக்குள்ளேயே முடிந்துவிடும். சுருளின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வெப்பநிலை வேறுபாடு 40, 50 கெல்வினைத் தாண்டவிட்டால் காப்புக்கும் கடத்திக்கும் இடையே பிளவு விழும். பெரிய கருவிக்கு ஒரு வழிப் பயணமே வாரக்கணக்கில் ஆவது இதனால்தான். குளிர்ந்த பிறகு கண்டுபிடிக்கும் எந்தக் குறைக்கும் போகவர இந்தக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும்.

டைவர்ட்டர் பொருத்துதலில் அளவைப் பிரிவுக்கு ஒதுக்கும் நேரம் பற்றி. நீர் குளிர்விக்கும் டங்ஸ்டன் கட்டிகளுக்கு வடிவமைப்பாளர்கள் நிர்ணயிக்கும் வெப்பச்சுமை சதுர மீட்டருக்கு 10 மெகாவாட்; சிறிது நேரத்துக்கு 20 வரை. காந்தப்புலக் கோடுகள் தகட்டின்மேல் சுமார் 3 டிகிரி சாய்வில் படுவதால்தான் இவ்வளவு குறைவு. கோட்டின் திசையிலேயே பார்த்தால் அதே வெப்பம் சதுர மீட்டருக்கு 190 மெகாவாட். இப்போது ஒரு கட்டி அடுத்த கட்டியைவிட 0.3 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தால், அந்த மெல்லிய விளிம்பு சாய்வின் பாதுகாப்பு இல்லாமல் 190-ஐ நேருக்கு நேர் வாங்கும். டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ், உலோகங்களிலேயே அதிகம். அப்படியும் விளிம்பு உருகும். இங்கிலாந்தின் ஜெட் டோக்கமாக்கில் 2013-இல் வேண்டுமென்றே ஒரு டங்ஸ்டன் இதழைத் துருத்திவைத்து உருக்கியே காட்டினார்கள். உருகாவிட்டாலும், 1,300 டிகிரி வாக்கில் டங்ஸ்டன் மறுபடிகமாகி நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே ஒவ்வொரு வரிசையையும் பொருத்தியபின் லேசர் டிராக்கரால் அளக்க வேண்டும், போல்ட்டை முழு டார்க்குக்கு முறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். முறுக்கும்போது தாங்கி நகரும். "முறுக்குவதற்கு முன் எடுத்த அளவே போதும்" என்று கடந்துபோன வரிசைதான் பின்னால் அகச்சிவப்புக் கேமராவில் ஒற்றை வெள்ளைக் கோடாக ஒளிரும்.

டங்ஸ்டனுக்கும் அடியிலுள்ள செப்பு-குரோமியம்-சிர்கோனியம் குழாய்க்கும் இடையிலான ஒட்டு பற்றி ஒரு வார்த்தை. டங்ஸ்டன் விரிவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விரிவது செப்புக் கலவை. அந்த ஒட்டில் எப்போதும் இழுபறி. பொருத்துவதற்கு முன் குழாயில் சுடுநீரை ஓட்டி, சட்டென்று குளிர்நீருக்கு மாற்றி, அகச்சிவப்புக் கேமராவில் பாருங்கள். எல்லாக் கட்டிகளும் ஒன்றாகக் குளிரும்போது ஒன்று மட்டும் ஓரிரு வினாடி பின்தங்கினால் அதன் ஒட்டில் குறை இருக்கிறது. ஒரு தொகுதிக்கு மணிக்கணக்கில்தான் ஆகும். இதைவிட மலிவான காப்பீடு இந்தத் துறையில் இல்லை.

கலனுக்குள் ஆள் இறங்கும் வேலைக்கும் வேகத்தைக் கூட்டச் சொல்கிறீர்கள். பெரிலியம் சுவர் இருந்த கருவியானால், அமெரிக்க விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் பெரிலியத் தூசு இருக்கக்கூடாது. உடை, மாஸ்க், காற்று மாதிரி, வெளியே வரும்போது கழுவல் எல்லாம் சேர்ந்து, ஒரு ஷிஃப்டில் உண்மையில் ரெஞ்ச் பிடிக்கும் நேரம் குறைவு. உலர் நைட்ரஜன் நிரப்பித் திறந்த கலனில் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஆள் இறங்கக்கூடாது, கையடக்க மானி பிழை காட்டுகிறது என்று வாதாடவும் கூடாது. உள்ளே போகும் ஒவ்வொரு கருவியையும் எண்ணி எழுதி, வெளியே வரும்போது எண்ணி அடிக்க வேண்டும். கணக்கில் ஒரு வாஷர் குறைந்தால் அது கிடைக்கும்வரை மூடக்கூடாது. இதில் சமரசம் இல்லை.

மூடிய பின், சுவரில் ஒட்டிய நீரை விரட்டச் சூடேற்றல். மணிக்கு 5 டிகிரி வீதம் அறை வெப்பநிலையிலிருந்து 240-க்கு ஏற 44 மணி நேரம். 5 மீட்டர் ஆரமுள்ள எஃகுக் கலன் அந்தச் சூட்டில் ஆரத்தில் ஏறத்தாழ 18 மி.மீ. விரியும். நகர வேண்டிய தாங்கிகளில் பொருத்தும்போது செருகிய பூட்டுமுள் ஒன்று எடுக்கப்படாமல் கிடந்தால் ஏதேனும் ஒரு பெல்லோஸ் (மடிப்புள்ள நெகிழ் குழாய்) கிழியும். எனவே 60 டிகிரியில் ஒருமுறை, 120-இல் ஒருமுறை ஏற்றத்தை நிறுத்தி, எல்லாத் தாங்கிகளின் நகர்வையும் படித்து, கணக்கோடு ஒப்பிட்டபின்தான் மேலே போக வேண்டும். சூடேற்றல் எப்போது முடிகிறது என்பதை நாட்காட்டி சொல்லாது. 18-ஆம் நிறையின் (நீரின்) வரைகோடு சொல்லும். அது சமதளமாகாமல் சுவரைச் சுத்தப்படுத்தும் ஹீலியம் ஒளிர்வு மின்னிறக்கத்துக்கோ, ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் போரான் பூச்சுக்கோ போனால், 100 நானோமீட்டர் அளவிலான அந்தப் போரான் படலம் சுவரிலிருந்து வரும் நீரைக் குடித்தே தீர்ந்துவிடும். போரான் பூச்சுக்குப் பயன்படும் டைபோரேன் நச்சுவாயு, அதைக் கையாள மொத்தக் கட்டடத்தையும் காலி செய்ய வேண்டிய வேலையை இரண்டு முறை செய்யவைக்காதீர்கள்.

பிளாஸ்மா இல்லாமல் சுருள்களை மட்டும் ஒவ்வொன்றாக, குறைந்த மின்னோட்டத்தில் இயக்கிப் பார்க்கும் நாட்களையும் காப்பாற்றுங்கள். ஷட்டவுனில் நூற்றுக்கணக்கான கேபிள்கள் கழற்றி மாட்டப்படுகின்றன. ஒரு காந்த உணரியின் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் கட்டுப்பாட்டு அமைப்பு மேலே நகரும் பிளாஸ்மாவைக் கீழே நகர்வதாகப் படித்து, இன்னும் மேலே தள்ளும். சில மில்லிவினாடிகளில் கதை முடிந்துவிடும். ஒவ்வொரு சுருளுக்கும் எல்லா உணரிகளின் குறியையும் அளவையும் கணித்த மதிப்போடு ஒப்பிட்டால் இது முன்னதாகவே தெரிந்துவிடும். புலப்பிழையும் அப்படியே. முதன்மைப் புலத்தில் பத்தாயிரத்தில் சில பங்கு பிழையே டோக்கமாக்கில் பிளாஸ்மாவின் சுழற்சியைப் பூட்டி நிறுத்தப் போதும். ஜெர்மனியின் வெண்டல்ஸ்டீன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டரின் கட்டுமானத்தில் காந்தப்புலத்தின் வடிவம் லட்சத்தில் ஒரு பங்குக்கும் நுட்பமாகச் சரியாக இருப்பதை எலெக்ட்ரான் கற்றையால் அளந்து உறுதி செய்தார்கள். அந்தக் கருவியே 2018-இல் நின்று, முழுக்க நீர் குளிர்விக்கும் டைவர்ட்டரைப் பொருத்தி, 2022-இல் திரும்பியது. 2023 பிப்ரவரியில் எட்டு நிமிடம் நீடித்த பிளாஸ்மாவில் 1.3 கிகாஜூல் ஆற்றலைக் கையாண்டது. ஜெட் தன் கார்பன் சுவரை 2009-க்கும் 2011-க்கும் இடையே பெரிலியம், டங்ஸ்டன் சுவராக மாற்றியது. பெருமளவு வேலை தொலைக் கையாளும் கருவிகளால், மாதிரிக் கலனில் ஒத்திகை பார்த்த பின்பு நடந்தது. அதே சுவரோடு 2023-இல் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

எங்களுக்கு எல்லையில்லாத நேரம் வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கே வெட்டலாம் என்பதையும் சொல்கிறோம். முதல் பிளாஸ்மாவுக்குத் தேவைப்படாத நோக்குக் கருவிகளை வெற்று மூடி போட்டுவிட்டுப் பின்னால் துறைவாய் வழியே பொருத்தலாம். கைவைக்காத ஃபிளாஞ்சுகளை (போல்ட் போட்டு மூடும் இணைப்பு விளிம்புகளை) ஒவ்வொன்றாகத் தெளித்துப் பார்ப்பதற்குப் பதில், பகுதி பகுதியாக உறையிட்டு ஒரே தடவையில் சோதிக்கலாம். ஒரே அளவை மூன்று படிவங்களில் எழுதுவதை ஒன்றாக்கலாம். முக்கியமாக, புதிய சுவர், கூடுதல் வெப்பமூட்டும் திறன், புதிய கட்டுப்பாட்டு மென்பொருள் மூன்றையும் ஒரே ஷட்டவுனில் திணிக்காமல் இருக்கலாம். மூன்றும் ஒன்றாக மாறினால், ஓட்டத் தொடங்கியதும் வரும் கோளாறு எதனால் என்று பிரித்தறிய ஆகும் காலம், மிச்சப்படுத்திய காலத்தை விழுங்கிவிடும்.

மாறாக, இவற்றைத் தொடாதீர்கள்: நீருக்கு முந்தைய ஹீலியம் சோதனை, சூடான நிலைச் சோதனை, குளிர்விப்புக்கு முந்தைய பாஷன் சோதனை, முழு டார்க்குக்குப் பின் அளவை, தனிச்சுருள் ஓட்டம். இவை ஐந்தும் அட்டவணையில் தனித்தனி வரிகளாக, அவற்றுக்கென்று ஒதுக்கிய நாட்களோடு இருக்கட்டும். முன்னால் நிற்கும் வேலை பிந்தினால் இவை அப்படியே பின்னால் நகர வேண்டும், சுருங்கக்கூடாது. நகர்வது பிளாஸ்மா தேதியாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் "மேலே போகலாம்" என்று கையெழுத்திடும் அதிகாரம், பொருத்திய அணிக்கோ தேதிக்குப் பொறுப்பானவருக்கோ அல்ல, சோதித்த பிரிவுக்கே வேண்டும். அந்தப் பிரிவு கையெழுத்திட மறுத்தால் அந்த மறுப்பை மேலிடம் மாற்றி எழுத வேண்டுமானால், காரணத்தோடு, பெயரோடு, எழுத்தில் செய்யட்டும்.

உதிரிகள் விஷயத்தில், சுருள்களுக்கான கடத்தியையும் காப்புப் பொருளையும் முதல் ஆர்டரிலேயே கூடுதலாக வாங்கிவிடுங்கள். பின்னால் தனியாக ஒரு நீளம் கேட்டால் ஆலை முழு வரிசையையும் மறுபடி தொடங்க வேண்டும். பிசின் ஊறிய நாடா உறைபெட்டியில் வைத்தாலும் காலாவதியாகும். கிடங்கில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவது வேறு, அதைச் சுற்ற முடிவது வேறு. ஒவ்வொரு கொள்கலத்தின் தேதியையும் அட்டவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை மூடிய மறுநாளே அனுப்பிவிடும் வழக்கத்தையும் நிறுத்தக் கேட்கிறோம். மூடிய பின் சூடேற்றலில் தெரியும் கசிவு எந்த வெல்டிங்கில் என்று ஊகிக்கத் தெரிந்தவர் அதைப் பற்றவைத்தவர்தான். முதல் பிளாஸ்மா வரை ஒவ்வோர் அணியிலிருந்தும் குறைந்தது இருவராவது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மூடுவதற்கு முன் கலனின் உட்புறம் முழுவதையும் எண்ணிட்ட படங்களாக எடுத்து, வரைபடங்களில் உண்மையில் பொருத்தியபடி திருத்தம் செய்து, இரண்டையும் அவர்கள் கையில் கொடுங்கள்.

அட்டவணையின் அடுத்த திருத்தத்தை வெளியிடும்போது, அந்த ஐந்து வரிகளும் எந்த நாட்களில் நிற்கின்றன, யார் பெயரில் நிற்கின்றன என்பதை அதன் முதல் பக்கத்திலேயே போடுங்கள். எங்கள் பிரிவுகளின் ஒப்புதல் அதைப் பார்த்தபின்தான்.

இப்படிக்கு,
வெற்றிடம், குளிர்நீர், காந்தம், அளவை, கலன் உட்பணிப் பிரிவுகளின் பணியாளர்கள்